பங்கும் கொடையும்: கிறித்துப் பிறப்புக் காலப் பங்கு வழக்காறுகளில் நன்றியுணர்வு

முன்னுரை

கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் ஊரின் அல்லது பகுதியின் இறைமக்கள் கூட்டத்தைத் தமிழில் ‘பங்கு’ என்பர். அதன் பொறுப்பில் இருக்கும் குரு பங்குத்தந்தை; அதன் உறுப்பினர்கள் பங்கு மக்கள். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்களுக்கு மூலமான கிரேக்கச் சொல், அயலவராய் ஓரிடத்தில் தங்கியிருத்தலைக் குறிப்பதாகும். தமிழ்ச் சொல் அப்பொருளைத் தழுவவில்லை. மறைமாவட்டத்தைப் பகுத்து ஒருவர் பொறுப்பில் விட்ட பகுதி என்னும் நிருவாகப் பொருளிலேயே அது வழங்குகிறது. எனினும் பங்காளி, பங்கீடு, பங்குபாகம் என்னும் சொற்களோடு ஒரே குடும்பத்தில் பிறந்த சொல் நிருவாகப் பொருளோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் உரியது என்னும் உரிமைப் பொருளையும் அது தன்னுள் கொண்டிருக்கிறது.

கிறித்துப் பிறப்புக் காலத்தில் இவ்வுரிமைப் பொருள் சோதனைக்கு உள்ளாகிறது. குடில் அமைத்தல், நள்ளிரவுத் திருப்பலி, காணிக்கை, ஏழைகளுக்கு ஆடை வழங்கல், பலகாரம் பகிர்தல், ஆண்டிறுதி நன்றி வழிபாடு எனத் தருதலும் பெறுதலும் நன்றி கூறுதலும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் காலம் அது. அங்குத் தரப்படுவது கொடையா, பங்கா என்னும் வினா எழுகிறது. கொடையாயின் பெற்றவர் தந்தவருக்கு நன்றிக்கடன் படுகிறார். பங்காயின் தந்தவரும் பெற்றவரும் ஒருங்கே மூன்றாமவராகிய இறைவனுக்கு நன்றி கூறவேண்டியவராகின்றனர். இவ்வேறுபாட்டை நற்செய்தி நூல்களின் பிறப்புக் காட்சிகள், புறநானூறு, திருக்குறள், தேம்பாவணி, கருக்கு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதும், அதன்வழிப் பங்கு வழக்காறுகளின் மொழியை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சொல்லும் பொருளும்

பங்கு என்னும் சொல்லைப் ‘பகு’ என்னும் வினையடியோடு இணைத்துக் காண்பது பொருந்தும். தமிழ்க் குடும்ப வழக்கில் தந்தையின் நிலத்தில் தனக்குரிய பங்கைப் பெற்ற தம்பி தமையனுக்கு நன்றி கூறுவதில்லை. தமையன் அந்நன்றியை எதிர்பார்ப்பானாயின் அதுவே பங்காளிச் சண்டைக்குக் காரணமாகிவிடும். பங்கு பெறுதலில் அன்பு இருக்கலாம், மகிழ்ச்சி இருக்கலாம்; கடப்பாடு இல்லை. கொடையோ தருபவரை உயரத்திலும் பெறுபவரைத் தாழ்விலும் நிறுத்தும் இயல்புடையது. ‘ஈ’ என்னும் சொல்லை இழிந்தோன் இரக்கும்போதும், ‘தா’ என்பதை ஒப்போன் கேட்கும்போதும், ‘கொடு’ என்பதை உயர்ந்தோன் கேட்கும்போதும் பயன்படுத்துவர் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. தருதலைக் குறிக்கும் வினைச்சொற்களிலேயே தமிழ் ஏற்றத்தாழ்வைப் பதிந்து வைத்துள்ளது. ‘பகு’ என்பது இம்மூன்றனுள் அடங்காது விலகி நிற்கிறது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்திற்குப் (1962–1965) பின்னர்த் திருவழிபாடு தாய்மொழிகளில் நிகழத் தொடங்கியபோது தமிழ்க் கத்தோலிக்கக் கலைச்சொற்கள் பல மாற்றம் பெற்றன. பூசை என்பது திருப்பலி ஆயிற்று. மக்கள் வழிபாட்டைக் காண்போராக மட்டும் இராது அதில் ஈடுபடுவோராக வேண்டும் என்னும் சங்கத்தின் கருத்தைக் குறிக்கப் ‘பங்கேற்பு’ என்னும் சொல் பயன்பட்டது. மக்கள் தரும் உழைப்பையும் பொருளையும் ‘பங்களிப்பு’ என்றனர். ஏற்றலும் அளித்தலும் பங்கு என்னும் ஒரே சொல்லின்மேல் நிற்கும் இவ்விணை கருதத்தக்கது. ஏற்பவரும் அளிப்பவரும் இரு வேறு வகுப்பினர் அல்லர். ஒருவரே ஏற்பவராகவும் அளிப்பவராகவும் இருக்கிறார் என்னும் குறிப்பு இச்சொற்களில் அமைந்துள்ளது.

இதற்கு எதிர்நிலையில் இரு சொற்கள் உள்ளன. ஒன்று ‘நற்கருணை’. இதன் கிரேக்க மூலச்சொல்லுக்கு நேர்ப்பொருள் நன்றி கூறுதல் என்பதாகும். தமிழ்ச்சொல்லோ மேலிருந்து இறங்கும் இறைவனின் இரக்கத்தைக் குறிக்கிறது. மூலத்தில் மக்களின் வினையாக இருந்தது தமிழில் இறைவனின் பண்பாக மாறியுள்ளது. சமய நோக்கில் இம்மாற்றம் பிழையன்று. ஆயினும் திருப்பலி முழுவதும் ஒரு நன்றியுரையே என்னும் உணர்வு தமிழ்ப் பெயரில் வெளிப்படாமல் போயிற்று. அவ்விடத்தை நிரப்புவதுபோலத் திருப்பலியின் இறுதியில் தனியே ஒரு ‘நன்றியுரை’ இடம்பெறுவது சிந்திக்கத்தக்கது. மற்றொன்று ‘உபயம்’. கோயில் வழக்கில் ஒரு விழாவையோ பொருளையோ ஏற்றுச் செய்பவரை உபயதாரர் என்பர். விளக்கு, மணி, இருக்கை, சுரூபம் ஆகியவற்றில் தந்தவர் பெயரை எழுதும் வழக்கம் தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உள்ளது. கத்தோலிக்க ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல.

நற்செய்தியில் தருவோரும் பெறுவோரும்

கிறித்துப் பிறப்புக் காட்சியை விரிப்பன லூக்கா, மத்தேயு என்னும் இரு நற்செய்தி நூல்கள். லூக்கா இடையர்களைக் காட்டுகிறார் (2:8–20). மத்தேயு கீழ்த்திசை ஞானிகளைக் காட்டுகிறார் (2:1–12). குடிலில் இவ்விரு கூட்டத்தாரும் அருகருகே நின்றாலும் மூல நூல்கள் அவர்களைச் சேர்த்துக் கூறவில்லை. அவர்தம் செயல்களும் வேறுவேறு. ஞானிகள் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் காணிக்கையாகத் தருகின்றனர். லூக்காவின் இடையர்களோ கையில் ஏதும் கொண்டு வந்ததாகச் சொல்லப்படவில்லை. அவர்களின் தோளில் ஆட்டுக்குட்டியை ஏற்றியது பிற்கால ஓவிய மரபும் மக்கள் பத்திமையுமேயாகும். லூக்காவின்படி அவர்கள் கண்டதை அறிவித்தனர். இறைவனைப் புகழ்ந்துகொண்டே திரும்பினர். ஆகவே, மத்தேயு ஈகையையும் லூக்கா நன்றியையும் முதன்மைப்படுத்துகின்றனர் எனலாம். வறியவர் கொடுக்க ஒன்றும் இல்லாமலேயே இறைவன்முன் நிற்கலாம் என்பது லூக்காவின் காட்சி தரும் செய்தியாகும்.

திருவழிபாட்டு வாசக ஒழுங்கு இவ்விடத்தில் ஓர் இடைவெளியை உண்டாக்குகிறது. நள்ளிரவுத் திருப்பலியின் நற்செய்தி லூக்கா 2:1–14 பகுதியாகும். அது வானதூதரின் புகழ்ப்பாவோடு முடிந்துவிடுகிறது. இடையர்கள் பெத்லகேமுக்குச் செல்வதும் புகழ்ந்து திரும்புவதும் அடங்கிய 2:15–20 பகுதி விடியற்காலைத் திருப்பலிக்கு உரியது. பகல் திருப்பலியில் யோவான் நற்செய்தியின் தொடக்கம் வாசிக்கப்படுகிறது. பெருங்கூட்டம் கூடுவது நள்ளிரவில்தான். அதில் மட்டும் பங்கேற்பவர் கொடை அறிவிக்கப்பட்டதைக் கேட்கின்றனர். கொடையைப் பெற்ற ஏழையரின் மறுமொழியைக் கேட்பதில்லை. பின்னர் வரும் திருக்காட்சிப் பெருவிழாவில் ஞானிகளின் காணிக்கையைக் கேட்கின்றனர். கேள்வி அனுபவத்தில் இடையரின் நன்றி மறைந்து அரசரின் ஈகை எஞ்சுகிறது. ஞானிகளை அரசர் என்பதும் மூவர் என்பதும் மத்தேயுவின் நூலில் இல்லை. காணிக்கை மூன்றாக இருந்தமையால் எண்ணும், அவற்றின் உயர்வால் பட்டமும் மரபில் ஏறின. கொடுத்த பொருளைக் கொண்டு கொடுத்தவரை அளக்கும் மனநிலைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. குழந்தையை ஆலயத்தில் அர்ப்பணித்தபோது சூசையும் மரியாவும் புறாக்களைக் காணிக்கையாக்கினர் என்று லூக்கா குறிக்கிறார் (2:24). ஆட்டுக்குட்டி தர இயலாத ஏழைத் தாய்க்கு லேவியர் நூல் (12:8) அளித்த சலுகை அது. உலகோரின் காணிக்கையைப் பெறும் குழந்தை பிறந்த வீடு, காணிக்கைப் பட்டியலில் ஏழைகளின் வரிசையில் இடம்பெற்ற வீடாகும். குடிலுக்குக் கொடுப்பது ஏழை வீட்டுக்குக் கொடுப்பதே என்பதும், அவ்வேழை வீடும் பிறர்முன் கை நீட்டாமல் தன் அளவில் கொடுத்தது என்பதும் இதனால் விளங்கும்.

சங்கப் பாடல்களும் குறளும்

தமிழ் இலக்கியத்தில் நன்றியும் ஈகையும் மிக நுணுக்கமாகப் பேசப்பட்டுள்ளன. இவற்றைப் பாடாண் மரபின் புகழ்ச்சி என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பரிசில் பெறும் புலவரின் தன்மதிப்பும் அங்கே காக்கப்படுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தமையைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. கண்டு, தகுதி அறிந்து, பேணித் தருவதாயின் அது தினையளவினதாயினும் இனிது என்பது அவர் கருத்து. முகம் காணாத கொடை வணிகமாகிவிடும் என்னும் தெளிவு இதில் உள்ளது. வரிசையில் நிறுத்திச் சீட்டைப் பெற்றுக்கொண்டு ஆடையை நீட்டும் இக்கால வழங்கல்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

அதே பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற பெருஞ்செல்வத்தோடு வீடு திரும்பித் தம் மனைவியிடம் கூறுவதாக அமைந்தது 163ஆம் பாடல். அவளை விரும்பி வாழ்வோர்க்கும், அவள் விரும்பி வாழ்வோர்க்கும், சுற்றத்தார்க்கும், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியோர்க்கும் கொடு என்கிறார். இன்னார்க்கு என்று ஆராயாமலும், தம்மைக் கேளாமலும், நெடுங்காலம் வாழலாம் என்று சேர்த்து வைக்காமலும் எல்லார்க்கும் கொடுக்கச் சொல்கிறார். குறியெதிர்ப்பையாவது அளந்து வாங்கி அளந்தே திருப்பும் கைம்மாற்று. பசிக்காலத்தில் அதைத் தந்தவரும் வளமற்ற அண்டை வீட்டாராகவே இருத்தல் கூடும். குமணனின் பெயர் பாட்டில் நன்றியோடு நிற்கிறது. அவன் தந்த பொருளோ புலவர் வீட்டில் நிற்கவில்லை. பெற்ற கொடை பலரின் பங்காக மாறும்போதே நன்றி நிறைவுறுகிறது என்னும் கருத்து இப்பாடலில் செயல்வடிவம் பெற்றுள்ளது. நன்றி மேல்நோக்கி மட்டும் செல்லாமல் பக்கவாட்டிலும் பரவுகிறது.

ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் அவன் என்பார் (புறம் 134). சான்றோர் சென்ற நெறி என்பதற்காகவே அவன் கொடுத்தான் என்பது புலவரின் விளக்கம். புண்ணியக் கணக்கு கருதிக் கொடுக்கும் பத்திமைக்கு இப்பாடல் கடுமையான திறனாய்வாகும். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் (6:1–4) மறைவில் கொடுப்பதை வற்புறுத்துவதோடு இதனை ஒப்பிடலாம். ஆயின் அங்கே மறைவில் காணும் தந்தை கைம்மாறு அளிப்பார் என்னும் உறுதி உண்டு. முடமோசியாரிடம் அவ்வுறுதியும் இல்லை.

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை 11ஆம் அதிகாரத்திலும், ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரத்திலும், ஈகையை 23ஆம் அதிகாரத்திலும், புகழை 24ஆம் அதிகாரத்திலும் வைத்துள்ளார். வறியவர்க்குத் தருவதே ஈகை, பிற எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்பது 221ஆம் குறளின் கருத்து. உறவினரும் நண்பரும் தம்முள் மாற்றிக்கொள்ளும் விழாக்காலப் பரிசுகள் இவ்வளவுகோலின்படி ஈகை ஆகா. ஒப்புரவுக்குக் கைம்மாறு இல்லை என்பதற்கு மழையை உவமையாக்குவது 211ஆம் குறள். ஈகையை அடுத்துப் புகழ் அதிகாரம் அமைந்திருப்பதால் வள்ளுவர் ஈவோரின் புகழை மறுக்கவில்லை என்பது தெளிவு. ஆனால் அப்புகழ் பிறர் வாயில் பிறப்பதாகவே 232ஆம் குறள் கூறுகிறது. பெற்றோரும் கண்டோரும் சொல்வது புகழ். தந்தவர் தாமே பொறித்துக்கொள்வது அறிவிப்பு. உபயப் பலகையின் சிக்கலை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது.

வீரமாமுனிவரின் வளன்

இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடம் வீரமாமுனிவர் (1680–1747). குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்த அவரே, சூசையைத் தலைவனாக்கி 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். எனவே செய்ந்நன்றி, ஒப்புரவு, ஈகை என்னும் சொற்களின் எடையை அவர் பிற மொழியில் நிறுத்துப் பார்த்தவர் எனலாம்.

காப்பியத் தலைவனைத் தேர்ந்தமையே முதற்கண் கருதத்தக்கது. நற்செய்தி நூல்களில் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை. தாவீது அரசனின் வழித்தோன்றலாயினும் அவர் கைத்தொழிலால் வாழும் தச்சர். பெருங்காப்பியத்திற்குத் தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். கொடுக்கும் வேந்தனைத் தலைவனாகக் கொள்ளும் மரபுடைய மொழியில், தனக்கு ஒப்படைக்கப்பட்ட மகவைத் தன் உழைப்பால் காத்த ஒருவரைத் தலைவராக்கியது துணிவான செயலாகும். சூசையின் எபிரேயப் பெயர்ப்பொருளைத் தழுவி ‘வளன்’ என்று பெயரிட்டது மேலும் பொருள் பொதிந்தது. பொருளால் வளமற்ற ஒருவருக்கு வளன் என்னும் பெயர் அமைந்தமையால், வளம் என்பதற்கே காப்பியம் புதுப்பொருள் தருகிறது. தன்னிடம் இருப்பது தனதன்று, காக்கும் பொறுப்பே தனது என்று அறிவதே அப்பொருள். கொடையாளி தன் பொருளைத் தருகிறான். காப்பாளனோ பிறருடையதைப் பேணி உரியவரிடம் சேர்க்கிறான். வளன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன்.

முதற்காண்டத்தில் ‘ஈரறம் பொருத்து படலம்’ இல்லறத்தையும் துறவறத்தையும் ஒரே மனையில் இணைக்கிறது. தமிழ் அறநூல் மரபில் இல்வாழ்வானே ஏனைய நிலையினர்க்குத் துணை. துறந்தார் பெறுநர், இல்லறத்தார் தருநர். இவ்விரண்டும் ஒரே மனையில் பொருந்தும்போது தருநர், பெறுநர் என்னும் பிரிவு தளர்கிறது. பிறப்பு நிகழ்ச்சியை விரிக்கும் ‘மகவருள் படலம்’ இப்படலத்திற்குப் பின்னரே வருகிறது. மகவைப் பெறுவதற்குமுன் அம்மனை தருதலையும் துறத்தலையும் ஒருங்கே பயின்ற மனையாகக் காட்டப்படுகிறது. இவ்வைப்புமுறை, கிறித்துப் பிறப்புக் கால ஈகையை ஓரிரவின் உணர்ச்சியாகக் கொள்ளாது நெடுநாள் ஒழுக்கத்தின் விளைவாகக் காணத் தூண்டுகிறது.

வழக்காறுகளின் மொழி

மேற்கண்ட அளவுகோல்களைக் கொண்டு பங்கு வழக்காறுகளை நோக்கலாம். குடில் அமைத்தல் பெரும்பாலும் இளைஞர் பணி. வைக்கோல், களிமண், தென்னங்கீற்று ஆகியவை ஆளுக்கொரு வீட்டிலிருந்து வரும். கேழ்வரகையோ கடுகையோ தட்டில் விதைத்து வளர்த்த முளைகள் புல்வெளியாகும். முளைப்பாரி மரபை நினைவூட்டும் இவ்வேலையில் யார் எதைத் தந்தார் என்று குறிக்கப்படுவதில்லை. எவருக்கும் தனியே நன்றியும் கூறப்படுவதில்லை. பங்களிப்பு என்னும் சொல்லுக்குரிய முழுப்பொருள் இங்கே காணப்படுகிறது. கிறித்தவர் வீட்டிலிருந்து இந்து, இசுலாமிய அண்டை வீடுகளுக்குப் பலகாரத் தட்டு செல்வதும் இத்தகையதே. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் தட்டு திரும்பி வருவதால் இது வள்ளுவர் கூறும் ஈகை ஆகாது. எனினும் யாரும் யாருக்கும் கீழ்ப்படாத ஒப்புரவின் பாற்படும். தமிழகத்திற்கு வெளியே பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இத்தட்டு மொழி எல்லையையும் கடக்கிறது.

குழந்தை இயேசுவின் சுரூபத்தை முத்தி செய்தல் மற்றொரு வழக்கம். மக்கள் வரிசையாக வந்து சுரூபத்தை முத்தமிட்டுக் காணிக்கை இடுவர். வறியவரும் செல்வரும் ஒரே வரிசையில் நின்று ஒரே இடத்தில் குனிகின்றனர். இட்ட தொகை அறிவிக்கப்படாத காணிக்கை இது. பெறுபவராகக் குழந்தையே இருப்பதால் இங்குத் தாழ்வு என்பது கொடுப்பவருக்கு உரியதாகிறது. கொடையின் இயல்பான திசை தலைகீழாக மாறும் இச்சடங்கு, பிறப்புக் காலத்தின் உட்கருத்தை மிகச் செறிவாக உணர்த்துவது எனலாம்.

திருப்பலியின் இறுதியில் வரும் நன்றியுரை இவற்றினின்று வேறுபடுகிறது. அதன் அமைப்பு பெரிதும் மாறாதது. திருப்பலி நிறைவேற்றிய குருக்கள், அருள்சகோதரிகள், பங்குப் பேரவையினர், பாடகர் குழு, நன்கொடை வழங்கியோர், ஒலி ஒளி அமைத்தோர் என்று வரிசை இறங்கிவரும். இறுதியில் நேரிலும் மறைவிலும் உதவிய அனைவருக்கும் என்று முடியும். பொருள் தந்தவருக்குப் பெயர் உண்டு. பணி செய்தவருக்குக் குழுப்பெயர் உண்டு. ஆலயத்தைக் கூட்டியவரும், விழாவுக்குப் பின் குப்பையை அகற்றியவரும் ‘அனைவரும்’ என்னும் சொல்லுக்குள் அடங்குவர். இவ்வரிசை எவரும் திட்டமிட்டுச் செய்த புறக்கணிப்பன்று. புகழ்ச்சி மொழியின் பழைய இலக்கணம் தானே இயங்குவதன் விளைவு. ஆயினும் அப்பெயரற்ற இடத்தில் லூக்காவின் இடையர்கள் நிற்கின்றனர் என்பதை மறத்தலாகாது. அவர்களுள் ஒருவர் பெயரையும் நற்செய்தி குறிக்கவில்லை. ஆயினும் செய்தி முதலில் சென்றது அவர்களிடமே.

நன்றி என்னும் தளை

நன்றியைப் பெறுபவரின் பண்பாக மட்டும் பார்ப்பது போதாது. அது எந்நிலையில் கேட்கப்படுகிறது என்பதையும் ஆராய வேண்டும். பாமாவின் கருக்கு (1992) இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத நூல். துறவற சபையில் சேர்ந்து பின்னர் வெளியேறிய தலித் பெண் ஒருவரின் தன்வரலாற்றுப் புனைவாகிய இந்நூல், திருச்சபைக்குள் நிலவும் சாதியத்தையும், வறுமை வாக்குக்கும் மடத்து வசதிக்கும் உள்ள முரணையும் வெளிப்படையாகப் பேசுகிறது.

இந்நூலின் இரு காட்சிகள் இங்குப் பொருத்தமானவை. நிலவுடைமையாளர் வீட்டில் வேலை செய்யும் பாட்டி அங்கே கிடைத்த எஞ்சிய உணவை அமுதமாகக் கருதிக் கொண்டுவருகிறார். நமக்குச் சோறு போடுபவர் அவரே என்று நன்றியோடு பேசுகிறார். உழைத்தவருக்கு உரிய பங்கு கொடையாகப் பெயர் மாறி வருவதையும், அப்பெயர்மாற்றத்தால் நன்றியே தளையாவதையும் பேத்தியின் கோபம் உணர்த்துகிறது. மற்றொன்று விடுதிக் காட்சி. சேரிப் பிள்ளைகள் இங்கு வந்து தின்றே தேறுகின்றனர் என்னும் பொருளில் விடுதிப் பொறுப்பாளரான அருள்சகோதரி ஏளனம் செய்கிறார். பிறரைப் போலத் தாமும் கட்டணம் செலுத்தியே உண்பதை மாணவி நினைக்கிறாள். விலை கொடுத்துப் பெற்ற உணவுகூடக் கொடையாகச் சொல்லிக்காட்டப்படும்போது நன்றி என்பது அவமதிப்பின் மறுபெயராகிறது.

செய்ந்நன்றி கொன்றார்க்கு உய்வில்லை என்னும் அறத்தை ஆலத்தூர் கிழாரும் (புறம் 34) வள்ளுவரும் (110) வற்புறுத்தினர். கருக்கு அவ்வறத்தை மறுக்கவில்லை. செய்யாத நன்றிக்கு நன்றி கேட்பதையே மறுக்கிறது. ஆகவே இந்நூலை நன்றியின்மையின் குரலாகக் கொள்வது பிழை. பங்கைப் பங்கென்றும் கொடையைக் கொடையென்றும் சரியாகப் பெயரிட வேண்டும் என்னும் அறச்சினமே இதன் குரலாகும். கிறித்துப் பிறப்புக்கு ஆடை பெறும் குடும்பம் அப்பங்கின் உறுப்பா, புறத்தே நிற்கும் இரவலரா என்னும் வினாவைப் பங்குகள் தமக்குள் எழுப்பிக்கொள்ள இந்நூல் வாய்ப்பளிக்கிறது. திருத்தூதர் பணிகள் (2:44–45, 4:32–35) காட்டும் தொடக்கத் திருச்சபையில் பொருள் அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பெற்றவர்கள் தந்தவர்களுக்கு நன்றியுரை ஆற்றியதாக அங்கே செய்தி இல்லை.

இதனால் கொடை அனைத்தும் இழிந்தது என்று முடிவுகட்டுதல் கூடாது. பஞ்சம் போன்ற பெருந்துன்பத்தில் கொடையே உயிர்காப்பது. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) 1876–1878 காலத்துப் பெரும்பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு கஞ்சித்தொட்டி நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். அதனைக் கண்ட கோபாலகிருட்டிண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். சைவப் பத்திமையில் ஊறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் ஆசிரியர் ஒரு கத்தோலிக்கரின் ஈகையைப் பாடியது, சமய எல்லையைக் கடந்த நன்றிக்குச் சான்று. புகழ் பிறர் வாயில் பிறக்க வேண்டும் என்னும் குறள்நெறிக்கும் இது இலக்கியம். இங்கே நன்றி கேட்டுப் பெறப்படவில்லை. கண்டவரின் உள்ளத்தில் தானே பிறந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பங்கு என்னும் தமிழ்ப் பெயர், தன் கிரேக்க மூலத்தில் இல்லாத உரிமைப் பொருளையும் பகிர்வுப் பொருளையும் கத்தோலிக்க இறைமக்கள் கூட்டத்திற்கு அளித்துள்ளது. பங்கேற்பு, பங்களிப்பு என்னும் சொல்லிணை அப்பொருளை வளர்க்கிறது. உபயம், நன்றியுரை ஆகியவை அதற்கு எதிர்த்திசையில் கொடைமொழியைப் பேணுகின்றன.

நற்செய்தியின் பிறப்புக் காட்சிகளில் ஈகை ஞானிகளுக்கும் நன்றி இடையர்க்கும் உரியதாக உள்ளது. வாசக ஒழுங்கும் மக்கள் மரபும் சேர்ந்து முன்னதை மிகுவித்துப் பின்னதை மங்கச் செய்துள்ளன.

முகம் காணாக் கொடையை மறுத்தல், பெற்றதைப் பகுத்தளித்தல், கைம்மாறு கருதாமை என்னும் மூன்றையும் சங்கப் பாடல்களும் குறளும் ஈகையின் உரைகல்லாக வைத்துள்ளன. இவை இன்றைய பங்கு வழக்காறுகளை மதிப்பிடவும் தகுந்தவை. தேம்பாவணி, காக்கும் பொறுப்பை வளம் என்று பெயரிட்டு இம்மரபைக் கிறித்தவக் காப்பியத்தில் தொடர்கிறது.

கருக்கு, பங்கைக் கொடையாக மாற்றிச் சொல்லும் மொழியே பெறுபவரின் மானத்தைப் பறிக்கிறது என்று காட்டி, நன்றி பற்றிய பழைய அறத்திற்குத் தேவையான எல்லையை வகுக்கிறது.

தமிழ் வழங்கும் கத்தோலிக்கப் பங்குகளின் விழா மலர்கள், அழைப்பிதழ்கள், உபயப் பலகைகள், நன்றியுரைகள் ஆகியன இலக்கிய ஆய்வாளர் கவனத்தை இன்னும் மிகுதியாகப் பெறவேண்டிய பனுவல்கள். அவற்றில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது, யார் ‘அனைவரும்’ என்னும் சொல்லுக்குள் மறைகின்றனர் என்பதைத் தொகுத்து ஆராய்ந்தால், தமிழ்ச் சமூகத்தில் பங்கும் கொடையும் பிரியும் எல்லைக்கோடு மேலும் துலங்கும்.